சபையில் தும்மல் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தூசு ஒவ்வாமை. காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன். பஸ், பந்தி, கச்சேரி, ஆபீஸ் மீட்டிங், துக்க வீடு என்று நான் தும்மாத இடமில்லை. அதனாலோ என்னவோ, தும்மல் சம்பந்தமான சந்தேகம் யாருக்கு வந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நிறையத் தும்மியவன், அவ்வளவுதான்.

நாலு பேர் நடுவில் தும்முவது மரியாதைக் குறைவா?

இல்லை. மூக்கின் உள்பக்கத்தில் தூசோ நெடியோ பட்டால், முகத்தின் உணர்ச்சி நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்கிறது. நெஞ்சில் காற்று நிரம்புகிறது, கண் மூடுகிறது, காற்று வெடித்து வெளியே வருகிறது. இதில் உங்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் தும்மல் வரப்போகிறது என்று மூக்கு அரிக்கும் அந்த ஓரிரு நொடி உங்கள் கையில் இருக்கிறது. தும்மிய பிறகு கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மரியாதை, மரியாதைக் குறைவு எல்லாம் அந்த இரண்டு இடத்தில்தான்.

உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டால் போதாதா?

இப்படித்தான் நம்மில் பெரும்பாலோரைப் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். எதிரில் இருப்பவர் முகத்தில் தெறிக்காது, அதுவரை சரி. அப்புறம் அந்தக் கை எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

எங்கள் தெரு முனை டீக்கடையில் நான் பார்த்தது. ஒருவர் வலது உள்ளங்கையில் தும்மினார். கையை வேட்டியில் ஒரு தேய்ப்பு. அதே கையால் கண்ணாடி பாட்டிலின் மூடியைத் திருகி இரண்டு பிஸ்கட் எடுத்தார். செய்தித்தாளின் நடுப் பக்கத்தை உருவிப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டு எடுத்துக் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவர் வந்ததும் "வாங்க வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள். மனிதர் நல்லவர்தான், வாயைப் பொத்திக்கொண்டுதான் தும்மினார்.

ஃபுளூ வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்கக்கூடும். துணியிலும் காகிதத்திலும் அதைவிடச் சீக்கிரம் செத்துவிடும். பஸ் கம்பி, லிஃப்ட் பொத்தான், ஏ.டி.எம். விசை என்று நம் உள்ளங்கை நாள் முழுக்கத் தொடுவதெல்லாம் முதல் வகைதான். அதனால்தான் முழங்கை மடிப்பில் தும்மச் சொல்கிறார்கள். முழங்கையால் யாரும் கதவு திறப்பதில்லை, காசு எண்ணுவதில்லை.

உள்ளங்கையில் தும்மிவிட்டீர்கள் என்றால் சோப்பு போட்டு 20 நொடி கழுவுங்கள். கழுவ முடியாத இடத்தில் யாராவது கை குலுக்க வந்தால், இரண்டு கையையும் கூப்பி ஒரு வணக்கம் போட்டுவிடலாம். நம் ஊரில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். முழங்கையில் தும்மினால் தோலில் அல்லவா படும்?

படும். முழங்கை யோசனை முழுக்கைச் சட்டை போடும் குளிர் ஊர்க்காரர்களுக்கு வசதியானது. நமக்கு வெறும் தோல், அதிலும் வேர்வை. ஆனாலும் உள்ளங்கையைவிட அது மேல்; பிறகு கழுவிக்கொள்ளலாம். சட்டைக் கையின் ஓரத்தை, அதாவது தோளுக்குக் கீழே துணி இருக்கும் இடத்தை, மூக்குக்குக் கொண்டுவருவது இன்னும் நல்லது. கொஞ்சம் தலையைச் சாய்க்க வேண்டும். இரண்டு முறை செய்தால் பழகிவிடும். தோளில் துண்டு போடுகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. சேலை கட்டியவருக்கு முந்தானை இருக்கிறது. ஆனால் அதே முந்தானையால் அடுத்த நிமிஷம் குழந்தையின் வாயைத் துடைத்துவிடாதீர்கள். அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

கைக்குட்டை நல்லதா, டிஷ்யூ பேப்பரா?

ஒரு தடவை பயன்படுத்திக் குப்பைத்தொட்டியில் போட முடியுமானால் டிஷ்யூ. குப்பைத்தொட்டி தேட வேண்டியிருக்கும் ஊரில் கைக்குட்டை. நான் இரண்டு வைத்துக்கொள்கிறேன்: வெள்ளை வேர்வைக்கு, கோடு போட்டது மூக்குக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மூக்கும் முகமும் துடைப்பது பெரிய தப்பு. அதிலும் மூக்குத் துடைத்த கர்சீப்பை ஹோட்டல் மேஜைமேல் பந்தாகச் சுருட்டி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எதிரில் இருப்பவருக்கு இட்லி இறங்காது.

பக்கத்தில் தும்மித் தவிப்பவருக்கு உங்கள் கர்சீப்பைக் கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். துவைத்து மடித்தது என்றால் கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள். கர்சீப் கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்குப் பயப்படுகிறவர்கள் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் நிற்கிறேன். ஒரு கை கம்பியில், ஒரு கையில் பை. தும்மல் வந்தால்?

கம்பியைப் பிடித்திருக்கும் மேற்கையின் சட்டைப் பக்கம் முகத்தைப் புதைத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே முகத்துக்கு நேராகத்தான் இருக்கும். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே தும்முவதுதான் பஸ்ஸில் நடக்கிற பெரிய அநியாயம். அவருக்கு எழுந்து போகவும் இடமில்லை.

ஜன்னலோரம் இருப்பவர்கள் கவனிக்க: ஓடுகிற பஸ்ஸில் வெளியே தலையை நீட்டித் தும்மினால் அது தெருவுக்குப் போகாது. பின் ஜன்னல் வழியாகத் திரும்பி உள்ளே வரும். நான் மூன்றாவது ஸீட்டில் இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஒரு தும்மல் எவ்வளவு தூரம் போகும்?

நினைப்பதைவிட அதிகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிடியா பூருய்பா என்ற ஆராய்ச்சியாளர் அதிவேகக் கேமராவில் தும்மலைப் படம் பிடித்தார். நாம் நினைக்கிற மாதிரி தனித்தனித் துளியாக மட்டும் அது தெறிப்பதில்லை. வெதுவெதுப்பான ஈரக் காற்று ஒரு மேகமாகச் சுருண்டு போகிறது. சின்னத் துளிகள் அதற்குள் மிதந்துகொண்டே போகின்றன. அந்த மேகம் 7, 8 மீட்டர் வரை போகக்கூடும் என்று 2020இல் எழுதினார். கல்யாண மண்டபத்தில் அது ஒரு பந்தி வரிசையில் பாதி.

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். 2013இல் சிங்கப்பூரில் அளந்து பார்த்தபோது நொடிக்கு 4.5 மீட்டர்தான் அதிகபட்சமாக வந்தது. மணிக்கு 16 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். தும்மும்போது இதயம் ஒரு நொடி நின்றுவிடும் என்பதும் கதைதான்.

சபை மரியாதைக்காகத் தும்மலை அடக்கிக்கொள்ளலாமா?

வருவதற்கு முன் தடுக்கப் பார்க்கலாம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலால் அழுத்துவது, நாக்கின் நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டவைத்துக்கொள்வது என்று சில கைவேலைகள் உண்டு. எனக்கு இரண்டில் ஒரு தடவை பலிக்கும்.

ஆனால் வெடித்துவிட்ட தும்மலை, மூக்கையும் பிடித்து வாயையும் மூடிக்கொண்டு உள்ளேயே அமுக்குவது வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 34 வயதுக்காரர் ஒருவர் அப்படிச் செய்தார். கழுத்துக்குள் ஏதோ வெடித்த மாதிரி இருந்ததாம். கழுத்து வீங்கி, குரல் போய், எச்சில் விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொண்டையின் பின்பகுதி கிழிந்திருந்தது. ஒரு வாரம் மூக்கு வழியே குழாய் வைத்துத்தான் சாப்பாடு. இது 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி. அபூர்வம்தான். ஆனால் ஒரு மீட்டிங்கில் நல்ல பேர் வாங்குவதற்காகத் தொண்டையைப் பணயம் வைக்க வேண்டுமா?

கச்சேரியில் இருந்தால் பாட்டு முடிந்து கைதட்டும் நேரம் பார்த்துத் தும்மலாம் என்பார்கள். தும்மல் அவ்வளவு தாளக்கட்டோடு வருவதில்லை. ஓரத்து நாற்காலி பிடித்து உட்காருங்கள், அதுதான் நடைமுறை.

பந்தியில் இலை முன் உட்கார்ந்திருக்கும்போது வந்தால்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. வலது கையில் சோறு. இரண்டு பக்கமும் ஆள். எதிர் வரிசையிலும் ஆள். முன்னே உங்கள் இலை, ஒட்டியபடி அடுத்தவர் இலை.

இடது கை சும்மாதான் இருக்கிறது. இடது முழங்கையை முகத்துக்குக் கொண்டுவந்து, தலையைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு தும்முங்கள். சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கும் வழி இருக்கும், அந்தப் பக்கம். மேஜைக்கு அடியில் குனிந்து தும்மலாம் என்று நினைக்க வேண்டாம், எதிரில் இருப்பவரின் கால் அங்கேதான் இருக்கிறது. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் விளக்கம் வேண்டாம். "மிளகு ரசம் காரம், அதான்" என்று ஆரம்பித்தால் சமையல்காரர் காதில் விழும்.

அடுத்தவர் இலையில் தெறித்துவிட்டது என்று தெரிந்தால்? தெரியாத மாதிரி இருந்துவிடாதீர்கள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு "இவருக்கு வேற இலை போடுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகச் சொல்லத் தயங்கி, அந்தப் பக்கத்துக் கூட்டைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன்.

பரிமாறுகிறவருக்கே தும்மல் வந்தால்?

வாளியைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போக வேண்டும். சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தோள் பக்கம் திரும்பினால் போதாது. பிறகு கை கழுவிவிட்டு வரவேண்டும். சளி பிடித்திருக்கிறது என்றால் அன்றைக்குப் பரிமாற வராமல் மொய் எழுதும் இடத்தில் உட்காரலாம்.

சாப்பாட்டின் மேல் மூச்சுப் படக்கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் அதே வழக்கம். 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் "இப்ப எல்லாரும் சந்நிதி ஐயர் மாதிரி" என்றார்.

பக்கத்தில் ஒருவர் தும்மினால் நாம் என்ன சொல்ல வேண்டும்?

சின்னக் குழந்தை தும்மினால் "நூறு" என்போம். எங்கள் வீட்டில் பாட்டி முதல் தும்மலுக்கு "நூறு", அடுத்ததற்கு "இருநூறு" என்று ஏலம் போட்டுக்கொண்டே போவாள். நான் தும்முகிற வேகத்தில் எனக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. சில வீடுகளில் "தீர்க்காயுசு", "சிரஞ்சீவி". பெரியவர்கள் தும்மினால் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை, அதுவும் மரியாதைதான். காதில் விழாத மாதிரி பேச்சைத் தொடர்வது தும்மியவரின் கூச்சத்தைக் குறைக்கும்.

உலகம் முழுக்க இந்த வாழ்த்து ஆயுளைச் சுற்றியோ ஆரோக்கியத்தைச் சுற்றியோதான் இருக்கிறது. ஜெர்மானியர் "கெசுண்ட்ஹைட்" என்பார்கள், ஆரோக்கியம் என்று பொருள். துருக்கியில் "சோக் யஷா", அதாவது ரொம்ப நாள் வாழு. தும்மியவர் பதிலுக்கு "நீயும் இருந்து பார்" என்பார். நம் "நூறு" பாட்டி அங்கே போனால் சுலபமாக ஒத்துப்போவாள்.

இதில் எனக்குப் பிடித்த கதை பௌத்த பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில் இருக்கிறது. புத்தர் ஒரு கூட்டத்தில் போதித்துக்கொண்டிருக்கும்போது தும்மிவிட்டார். சுற்றியிருந்த பிக்குகள் எல்லோரும் "நீடு வாழ்க" என்று போட்ட சத்தத்தில் பேச்சே நின்றுபோயிற்று. "தும்மினவரை வாழ்க என்று சொன்னால் அதனால் அவர் வாழ்வாரா, சாவாரா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "அப்படியானால் இனிமேல் சொல்லாதீர்கள்" என்றார். அதோடு முடியவில்லை. ஊர் ஜனங்கள், பிக்குகள் தும்மும்போது "வாழ்க" என்றார்கள். பிக்குகள் விதிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. "என்ன இவர்கள், வாழ்த்தினால் ஒரு பதில்கூடச் சொல்வதில்லை" என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அது புத்தர் காதுக்கு வந்தது. இல்லறத்தார் மங்கல வார்த்தையை விரும்புகிறவர்கள், அவர்கள் வாழ்த்தினால் நீங்களும் "சிரம் ஜீவ", அதாவது நீடு வாழ்க, என்று சொல்லுங்கள் என்று விதியைத் தளர்த்திவிட்டார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒருவர் "நூறு" என்றால் நான் சிரித்துத் தலையாட்டிவிடுகிறேன்.

ஆபீஸில் "பிளஸ் யூ" என்கிறார்கள். பதில் என்ன?

"தேங்க்ஸ்". அவ்வளவே. பத்துத் தும்மலுக்கும் பத்துத் தடவை சொல்ல வேண்டியதில்லை, கடைசியில் ஒரு தடவை போதும். சொல்கிறவர்களுக்கும் அதே வேண்டுகோள். என் பக்கத்து ஸீட்காரர் ஒவ்வொரு தும்மலுக்கும் "பிளஸ் யூ" சொல்லிக் களைத்துப்போய், இப்போது திங்கட்கிழமை காலை ஒரே ஒரு தடவை வாரம் முழுவதற்குமாகச் சொல்லிவிடுகிறார்.

முஸ்லிம் நண்பர் தும்மியதும் ஏதோ சொல்கிறார். நான் என்ன செய்வது?

தும்மியவர் "அல்ஹம்துலில்லாஹ்", எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்பார். கேட்ட முஸ்லிம் "யர்ஹமுகல்லாஹ்", இறைவன் உங்களுக்கு அருள் புரியட்டும், என்பார். தும்மியவர் மறுபடி "யஹ்தீகுமுல்லாஹ்" என்று தொடங்கும் பதில் வாழ்த்தைச் சொல்வார்: இறைவன் உங்களுக்கு நேர்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்கட்டும் என்று பொருள். மூன்று தும்மலைத் தாண்டினால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிடலாம் என்பதும் அந்த முறையிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துச் சத்தத்தைக் குறைப்பது நபிவழி என்றும் சொல்வார்கள். மற்றவர்கள் அரபியில் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

தும்மினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மையில்லை, ஆனால் பழையது. இப்போது நாம் விக்கல் எடுத்தாலும் புரைக்கேறினாலும்தான் "யாரோ நினைக்கிறாங்க" என்கிறோம். வள்ளுவர் காலத்தில் அந்த வேலையைத் தும்மல் செய்தது. "நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்" என்று தலைவி வருந்துகிறாள். வருவது போல வந்து நின்றுவிட்டதே தும்மல், அவர் நினைக்க வந்து நினைக்காமல் விட்டாரோ என்று.

காமத்துப்பாலில் புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் தும்மல் மூன்று தடவை வருகிறது. மூன்றும் வீட்டுச் சண்டைதான். ஊடிப் பேசாமல் இருக்கிறாள் மனைவி. கணவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் "நீடு வாழ்க" என்று வாயைத் திறந்தே ஆகவேண்டும் அல்லவா: "ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை நீடுவாழ் கென்பாக் கறிந்து." ஆக, தும்மினால் வாழ்த்துவது நாம் ஆங்கிலேயரிடம் கற்றதல்ல. அதற்குச் சாட்சி இந்தக் குறள்.

இன்னொரு குறளில் அவன் தும்ம, அவள் வழக்கம்போல வாழ்த்துகிறாள். உடனே நினைவு வந்து, "யாருள்ளித் தும்மினீர்", எவள் நினைத்துத் தும்மினீர்கள், என்று அழுகிறாள். சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகிறாள், உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று. தும்மலை அடக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். லெஸ்டர்காரரைவிட இவன் பாடு கஷ்டம்.

கிளம்பும்போது தும்மினால் சகுனத் தடை என்கிறார்களே?

ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது என்று நம் பக்கத்துக் கணக்கு. பழைய கிரேக்கர்களுக்கு ஒற்றைத் தும்மலே நல்ல சகுனம். கிரேக்கப் படைத்தலைவன் செனபோன் வீரர்கள் முன் பேசும்போது ஒருவன் தும்ம, கடவுளே ஒப்புதல் சொல்லிவிட்டார் என்று படை முழுக்கக் குனிந்து வணங்கியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஊருக்கு ஊர் கணக்கு மாறும்போது எதை நம்புவது?

எனக்கு ஒரு அனுபவம். அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டை எடுக்கக் கை நீட்டிய நேரம். வாசல் விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கை அன்றைக்குத்தான் தூள் போட்டுத் துடைத்திருந்தார்கள். அந்தத் தூளோ என்னவோ, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்று. கூடம் முழுக்க அமைதி. நீட்டிய கை நீட்டியபடி. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லோரும் என் மூக்கையே பார்க்கிறார்கள். பெரிய மாமா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக, "இன்னொண்ணு போடுடா" என்றார். வருடம் முழுக்கப் பத்துப் பத்தாகத் தும்முகிற எனக்கு அன்றைக்கு இரண்டாவது வரவில்லை. அம்மா உள்ளே ஓடிப்போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து, தட்டு மாற்றினார்கள். அக்காவும் அத்தானும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மரியாதையைப் பொறுத்தவரை நான் சொல்வது இது: ஒருவர் வெளியே கிளம்பும்போது நீங்கள் தும்மிவிட்டால், அவருக்கு நம்பிக்கை உண்டு என்று தெரிந்தால், "உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிஷம்தானே. ஆனால் தும்மியவரைத் திட்டுவது, அதிலும் வீட்டு மருமகளையோ வேலைக்காரப் பெண்ணையோ "கிளம்பும்போதா தும்மறது" என்று கேட்பது அசிங்கம். மூக்கைக் கேட்டுக்கொண்டா தும்மல் வருகிறது?

எங்கள் அப்பா தும்மினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கிறது. எப்படிச் சொல்வது?

சத்தத்தில் பாதி உடம்பு, பாதி பழக்கம். "ஹாஆஆச்" என்ற அந்த நீட்டலைத் துணிக்குள் தும்மினால் பெருமளவு குறைக்கலாம். தனியாக இருக்கும்போது சொல்லுங்கள், விருந்தாளி முன் சொல்லாதீர்கள். ஆனால் பலர் உள்ளூர அந்தச் சத்தத்தை ரசிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஒருவர் நிறுத்தாமல் தும்முகிறார். உதவியாக என்ன செய்யலாம்?

எண்ணாதீர்கள். எண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வைத்தியமும் சொல்லாதீர்கள். துளசி, கற்பூரவல்லி, நொச்சி ஆவி, மிளகுப் பால், மஞ்சள் புகை எல்லாம் எனக்கு மனப்பாடம். பத்துத் தும்மல் போட்டவன் கேட்கக் காத்திருப்பது ஒரு கிளாஸ் தண்ணீருக்கும் ஒரு டிஷ்யூவுக்கும்தான். நாற்காலியைச் சத்தமாக இழுத்துக்கொண்டு தள்ளிப் போகவும் வேண்டாம். 2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் சத்தம் கேட்குமே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் ரேஷன் கடை வரிசையில் நான் ஒரு தும்மல் போட்டேன். எனக்கு முன்னே ஆறு பேர் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் நான்தான் முதல் ஆள். சர்க்கரை சீக்கிரம் கிடைத்தது, ஆனால் வீடு வரைக்கும் மனசு சரியில்லை.

காய்ச்சலோடு தும்மல் என்றால் கதை வேறு. அப்போது சபைக்கே வராமல் இருப்பதுதான் மரியாதை. வந்தே ஆகவேண்டும் என்றால் முகக்கவசம்.

வீடியோ மீட்டிங்கில்?

மியூட். முடியாவிட்டால் மைக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்புங்கள். ஹெட்போன் போட்டிருப்பவர் காதில் அது வெடிகுண்டு.

வெயிலுக்கு வந்தாலே தும்மல் வருகிறது. நடிப்பு என்கிறார்கள்.

நடிப்பில்லை. இருட்டிலிருந்து பிரகாசமான வெளிச்சத்துக்கு வந்தால் தும்முகிறவர்கள் 100க்கு 18 முதல் 35 பேர் வரை இருக்கலாம் என்பது கணக்கு. குடும்பத்தில் வழிவழியாக வருவது. தியேட்டர் மதியக் காட்சி விட்டு வெளியே வரும் கூட்டத்தில் நின்று பாருங்கள், படியிறங்கும்போதே நாலைந்து பேர் மூக்கைப் பிடிப்பார்கள்.

அபார்ட்மென்டில் மிளகாய் வறுத்தால் மாடி முழுக்கத் தும்முகிறது. வறுப்பவருக்கு மரியாதை ஏதும் உண்டா?

உண்டு. எதிர்வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வறுக்க வேண்டும். வாசல் கதவைச் சாத்தி, அடுப்படி ஜன்னலைத் திறக்க வேண்டும். திருஷ்டி சுற்றி நெருப்பில் போடும் மிளகாய்க்கும் இதேதான். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் மாடியில் ஒரு தடவைகூட நெடி வராமல் இருந்ததில்லை. யார் கண்ணும் எங்கள்மேல் படுவதில்லை போலிருக்கிறது.

மூக்குப்பொடி போட்டு வேண்டுமென்றே தும்முகிறவர்களை என்ன சொல்வது?

இப்போது குறைந்துவிட்டது. ஒரு காலத்தில் பட்டணம் பொடி டப்பா இல்லாத திண்ணை கிடையாது. அறிஞர் அண்ணாவின் பொடிப் பழக்கம் ஊரறிந்தது. புகையிலைத் தூள்தான், உடம்புக்கு ஆகாது; அதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் பழைய பொடிக்காரர்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. என் தாத்தா கூடத்தில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பார். மடியிலிருந்து டப்பாவை எடுத்ததும் பேச்சை அப்படியே நிறுத்தி, "இருங்கோ" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போவார். கிணற்றடியில் நின்று, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. சர்ரென்று ஒரு இழுப்பு. வேப்பமரத்தைப் பார்த்து இரண்டு தும்மல், எப்போதும் இரண்டு. அதற்கென்றே கிணற்றுச் சுவரில் காயும் பழுப்பேறிய துண்டில் மூக்கைத் துடைத்து, வாளித் தண்ணீரில் கை கழுவி, உள்ளே வந்து உட்கார்ந்து, விட்ட வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடருவார்.